விதைக்கு விடாத காய்

ஆனி முடிந்து ஆடி பிறக்கும் தறுவாயில் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு விவாதம் எழும். கொல்லையில் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் வைப்பதற்கு விதை பாவுவதா, கடைத்தெருவுக்கு அப்பாலுள்ள நாற்றுப் பண்ணையில் நாற்றாகவே வாங்கி வந்துவிடுவதா என்பதே அது. கல்லூரியில் வகுப்புகள் சூடு பிடிக்கும் காலமும் அதுவே என்பதால் விவாதம் பெரும்பாலும் நாற்றின் பக்கமே சாயும். விதை பாவினால் ஏறத்தாழ 30 நாள் காத்திருக்க வேண்டும். நாற்று வாங்கினால் அன்று மாலையே நட்டுவிடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணத்தைக் குலைத்தது ஒரு கத்தரி.

எங்கள் தாயார் காவிரிப் படுகையின் ஒரு சிற்றூரிலிருந்து திருமணமாகி வந்தபோது கொண்டுவந்த விதையின் வழி வந்தது அது. குட்டையான காய், வெளிர் ஊதா நிறத்தில் வெண்வரிகள், காம்பில் முள். அதற்குப் பெயரில்லை. ‘நம்ம வீட்டுக் கத்தரி’ என்பதே பெயர். ஓராண்டு அம்மாவுக்கு முழங்கால் அறுவை நடந்தது. விடைத்தாள் திருத்தும் பணியும் மருத்துவமனை அலைச்சலுமாக இருந்த நாங்கள் அவ்வாண்டு நாற்று வாங்கி நட்டோம். செழிப்பான நாற்று, நன்றாகவே காய்த்தது. அடுத்த ஆண்டும் அதன் அடுத்த ஆண்டும் அப்படியே செய்தோம். பிறகொரு நாள் அம்மா கேட்டபோதுதான் அடுக்களைப் பரணில் இருந்த விதை டப்பாவைத் தேடி எடுத்தோம். மூன்று கோடைகளின் வெக்கையைத் தின்ற விதை. பாவினோம். பத்து நாளாயிற்று, பதினைந்து நாளாயிற்று. ஒன்றுகூட முளைக்கவில்லை.

யாரும் அதை அழிக்கவில்லை. நாங்கள் மூன்று ஆண்டுகள் நாற்று வாங்கினோம், அவ்வளவே.

இதைச் சொல்லிவிட்டு, ஆகவே எல்லோரும் விதையே பாவுங்கள், நாற்று வாங்குவது பாவம் என்று முடித்துவிடலாம். மரபு, இயற்கை, பாட்டன் பூட்டன் என்று நான்கு சொற்களைச் சேர்த்தால் கட்டுரையும் நிறைந்துவிடும். ஆனால் அது உண்மையாகாது. நாற்றின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

நாற்று என்ற சொல்லே நம் வயலிலிருந்து வந்தது. நாற்றங்கால், நாற்றுமுடி, நடவு என்று நெல்லைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே நம்மிடம் உண்டு. ஓரிடத்தில் முளைப்பித்து வேறிடத்தில் பெயர்த்து நடும் கலையில் தேர்ந்த சமூகத்துக்கு நாற்று அன்னியமன்று. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கும் அதுவே முறை. தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் பெயர்த்து நடும் பருவத்தை அடையும். அந்தச் சில வாரங்களே இச்செடிகளின் மிக நொய்ந்த காலம். ஈரம் சற்று மிகுந்தால் நாற்றழுகல் நோய் வந்து, முதல்நாள் நிமிர்ந்து நின்ற நாற்றுகள் மறுநாள் தண்டடி கருகிச் சாய்ந்து கிடக்கும். எறும்பு விதையைத் தூக்கிப் போகும், கோழி கிளறும், ஓர் ஆடிமழை மேல்மண்ணையே அடித்துப் போகும்.

இன்றைய நாற்றுப் பண்ணைகள் 98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகளில், மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக இட்டு, நிழல்வலைக்குக் கீழே வளர்க்கின்றன. வேரோடு கட்டியாக எழும்பி வரும் அந்த நாற்று நட்டவுடன் வாடுவதில்லை. காலையில் போய் இரவில் திரும்பும் ஒரு குடும்பத்துக்கு, நான்கு தொட்டி வைக்க மட்டுமே இடமுள்ள ஒரு மாடிவாசிக்கு, அது உதவிதான். ஆறு கத்தரிச்செடிக்காக ஒரு பொட்டலம் விதையை வாங்கி அதில் பெரும்பகுதியை வீணாக்குவதைவிட ஆறு நாற்று வாங்குவது சிக்கனமும்கூட.

அப்படியானால் எல்லாவற்றையும் நாற்றாக வாங்கலாமா எனில், அதுவும் இல்லை. இப்போதெல்லாம் வெண்டை, பூசணி, ஏன் முள்ளங்கிகூடச் சிறு பைகளில் நாற்றாக விற்பனைக்கு வந்துவிட்டன. முள்ளங்கியில் நாம் உண்பதே அதன் ஆணிவேரை. பெயர்க்கும்போது அவ்வேர் நுனி முறிந்தால் கிழங்கு கவைத்துப் போகும். வெண்டையும் அவரையும் கொத்தவரையும் இருக்கும் இடத்திலேயே முளைக்க விரும்புபவை. சுரை, பீர்க்கு, பாகல், புடல் ஆகியவற்றின் வேர் தொந்தரவைப் பொறுக்காது. பாகல்விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் குழியில் ஊன்றினால் போதுமானது. பெரிய விதை தன் உணவைத் தானே சுமந்து வருகிறது. அதற்குச் செவிலித்தாய் வேண்டியதில்லை. இவற்றை நாற்றாக வாங்குபவர் செடியை வாங்கவில்லை, பொறுமையின்மையை வாங்குகிறார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. விதையிலிருந்து வந்ததே உயர்ந்தது என்ற எண்ணம் பல மரங்களின் முன் நிற்காது. நல்ல மாம்பழம் தின்று கொட்டையை ஊன்றிப் பல ஆண்டு காத்திருந்தவருக்குப் புளிப்பும் நாருமாக ஒரு பழம் கிடைப்பது அரிதன்று. கொட்டை தாயின் குணத்தை அப்படியே கொண்டுவரும் என்பதற்கு உறுதியில்லை. ஒட்டுக்கன்றே அதைக் கொண்டுவரும். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரிலிருந்து மாங்கன்றுகளும், ஆந்திரத்தின் கடியத்திலிருந்து பலவகைக் கன்றுகளும் ஊர் ஊராகப் போவது வெறும் சோம்பலால் அன்று. வாழைக்குப் பக்கக்கன்று, மல்லிகைக்குப் பதியன் என்பது காலங்காலமான வழக்கம். இதற்கு நேர்மாறான உதாரணம் முருங்கை. கொம்பை வெட்டி ஊன்றுவதே முருங்கைக்கு நம் மரபு. 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை விதையால் வளர்ந்தது. ஆறேழு மாதத்தில் காய்ப்புக்கு வந்தது. மரபு கொம்பென்றது, புதுமை விதையைக் கொண்டுவந்தது. ஆக, விதை பழைமைக்கும் நாற்று புதுமைக்கும் அடையாளம் என்று பிரித்துக்கொள்வது எளிதேயன்றிச் சரியன்று.

எனில் எங்கள் வீட்டில் இழப்பு எங்கே நேர்ந்தது? நாற்று வாங்கியதிலா? இக்கேள்வியைப் பல நாள் புரட்டிப் பார்த்தபின் எங்களுக்குக் கிடைத்த விடை இது: நாற்று நட்டதில் இழப்பில்லை, காயை விதைக்கு விடாததில்தான் இழப்பு.

‘விதைக்கு விடுதல்’ என்பது எத்தகைய தொடர்! ஒரு செடியில் இருப்பதிலேயே திரண்ட காயைப் பறிக்காமல் விடவேண்டும். கறிக்கு ஒரு காய் குறையும். கத்தரியானால் அது மஞ்சளாகிப் பழுத்து மெத்தென்றாகும்வரை செடியிலேயே இருக்க வேண்டும். பிறகு அறுத்து, நீரில் பிசைந்து, மிதக்கும் சொத்தையை நீக்கி, அடியில் தங்கிய விதையை நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைப்பார்கள். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பதும், முற்றிய பீர்க்கை அடுப்புக்கு மேலே புகைபடும்படி தொங்கவிடுவதும் எங்கள் தலைமுறை கண்ணால் கண்டவை. நாற்றங்கால் விட்ட உழவன் நாற்றை வெறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்று, தான் எடுத்துவைத்த விதையிலிருந்து, தன் கண்முன்னே எழுந்தது. நாற்றை வாங்கும்போது நாம் முதல் 30 நாளை மட்டும் பிறரிடம் ஒப்படைப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் கடைசி 30 நாளையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். அடுத்த ஆண்டும் நாற்று கிடைக்கும் என்ற உறுதி இருக்கும்போது எவர் காயை முற்றவிடுவார்?

விட்டாலும் பயனிராது என்பது மற்றொரு சிக்கல். பண்ணை நாற்றுகளில் பல வீரிய ஒட்டுரகங்கள். இருவேறு பெற்றோரைச் சேர்த்துப் பெற்ற முதல் தலைமுறை அது; ஒருசீராக, வீரியமாக இருக்கும். அதன் விதையை எடுத்து மறுமுறை பாவினால் பிள்ளைகள் ஆளுக்கொரு குணமாகப் பிரிந்துபோகும். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்டு 1866இல் அச்சிட்டுச் சொன்ன விதியே இதன் அடிப்படை. பயிரிட்டு விற்பவருக்கு ஒட்டுரகத்தின் விளைச்சல் தேவையாக இருக்கலாம். அதை வீட்டுக்கொல்லையிலிருந்து விமர்சிக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் நாற்று வாங்கும்போது இது எந்த ரகம், விதை பிடிக்கலாமா என்று கேட்கலாம் அல்லவா? நாங்கள் பண்ணையில் கேட்டபோது கிடைத்த விடை, ‘நல்லா காய்க்கும் சார்’ என்பதே. அது பொய்யன்று. எங்கள் கேள்விக்கு விடையுமன்று.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் நற்றிணையின் 172ஆம் பாடல் நினைவுக்கு வராமலிராது. சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன புன்னைக்காழ் முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் வார்த்து வளர்க்கிறார்கள். அது உங்களைவிடச் சிறந்த உங்கள் தங்கை என்கிறாள் தாய். ஆகவே அதன் நிழலில் தலைவனோடு சிரித்துப் பேச நாணுகிறோம் என்கிறாள் தோழி. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது உறவின் அருமையை விளக்குவோம். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று தேர்வுக்குரிய விடையையும் எழுதச் சொல்வோம். ஆனால் அந்த உறவு எதனால் உண்டாயிற்று என்று கேட்பதில்லை. முளைத்ததைப் பார்த்ததால் உண்டானது அது. பிறப்பைக் கண்டவர்க்கே உடன்பிறப்பு.

புறநானூற்றின் 333ஆம் பாடலில், கடனும் கிடைக்காத நிலையில் ஒரு மனைவி விதைத்தினையை உரலில் இட்டு விருந்தினருக்குச் சமைக்கிறாள். பெரியபுராணத்து இளையான்குடி மாற நாயனார் பகலில் விதைத்த முளைநெல்லை மழையிரவில் வாரிவந்து அடியாருக்கு அமுதாக்குகிறார். இவ்விரண்டும் ஈகையின் உச்சம் என்று நாம் இன்றும் உணர்வதற்குக் காரணம், விதை என்பது தின்னக்கூடாத ஒன்று என்ற அறிவு கேட்போர்க்கு இருந்தது. விதையைக் காப்பவர் இல்லாத சமூகத்தில் அந்தத் தியாகத்தின் எடை புரியாது. எங்கள் மாணவர்களில் ஒருவர், ‘மறுநாள் கடையில் வாங்கியிருக்கலாமே’ என்று கேட்டதுண்டு. வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். விதை டப்பாவைத் திறந்த நாளில் அச்சிரிப்பு நினைவுக்கு வந்தது.

இனிச் செய்யக்கூடியது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. ஊன்றவேண்டியதை ஊன்றுவோம், ஒட்டாக வாங்கவேண்டியதை ஒட்டாக வாங்குவோம். கத்தரியிலும் தக்காளியிலும் நேரமில்லாத ஆண்டில் நாற்றும் வாங்குவோம். ஆனால் அவற்றுக்கிடையே, பெயர் தெரிந்த ஒரு நாட்டுவிதையையாவது ஒரு பழைய சட்டியில் பாவி, அதில் ஒரு செடியின் ஒரு காயை விதைக்கு விடுவோம். தக்காளி பெரும்பாலும் தன்னிலேயே சூல்கொள்வது. விதை எடுக்கப் பழகுவோர் அதிலிருந்து தொடங்குவது எளிது. எடுத்த விதையில் பாதியை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது இன்றியமையாதது. ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் விதை, ஒரே ஓர் ஓலைச்சுவடியில் மட்டும் இருக்கும் நூலைப் போன்றது.

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதைநெல் பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் 2018இல் மறைந்தார். அந்த விதைகள் பல வயல்களில் இருக்கின்றன. 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் உழவருக்கு உள்ள உரிமையை ஏற்றிருக்கிறது. வேலூரின் இலவம்பாடி முள்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. பெயரில்லாத கத்தரிகளுக்கு எந்தக் குறியீடும் கிடைக்காது. அவற்றுக்கு ஒரு டப்பாவும் ஒரு நினைவுமே காப்பு.

எங்கள் அம்மா முன்பொரு காலத்தில் பழைய தெருவில் ஒருவருக்கு விதை கொடுத்திருந்தார். தேடிப் போனோம். அவ்வீட்டுக் கொல்லையில் இப்போது சிமெண்டுக் கற்கள் பாவியிருந்தன. ஆனால் அவர் மகள் வாழ்க்கைப்பட்ட ஊரில் அதன் வழிவந்த செடிகள் இருப்பதாகச் சொல்லி, ஒரு மடிப்புத் தாளில் சிறிது விதையை வரவழைத்துத் தந்தார். பாவினோம், முளைத்தது. காய் வந்தபோது வரி இருந்தது, முள்ளும் இருந்தது. ஆனால் காய் சற்று நீண்டிருந்தது. அடுத்த வயலின் கத்தரியோடு தேனீ எப்போதோ சம்பந்தம் செய்து வைத்திருக்க வேண்டும்.

அம்மா ஒரு காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அது இல்ல இது” என்றார். சற்றுப் பொறுத்து, “இதுலயும் ஒண்ண வெதைக்கு விடுங்க” என்றார்.

விட்டிருக்கிறோம். இப்போது மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.