கப்பலில் போகும் நாட்களும் கணக்கில் வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்னையில் ஒரு செஸ் ரேட்டிங் போட்டியில் ஆடுவதற்காக விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். சென்ற வாரம் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. போட்டி நாட்களை வேண்டுமானால் பரிசீலிக்கலாம், பயண நாட்கள் ஆப்சென்ட்தான் என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். விளக்கம் கேட்க மேலிடத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி கடிதத்தை முழுதாகப் படிக்கவுமில்லை. “உட்கார்ந்த இடத்தில் காய் நகர்த்துவதற்கெல்லாம் ஸ்போர்ட்ஸ் லீவா? ஃபுட்பால், சைக்கிள் என்றால் சொல்லுங்கள், பார்க்கலாம்” என்றார். இந்தியில்தான் சொன்னார். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தி புரியாதா? பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. விடுப்பு மறுத்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே அவளுடைய ஆசையை அற்பமாக்கிப் பேசியதை என்னால் விழுங்க முடியவில்லை.

எங்கள் கப்பல் தேதிகள் படும் பாட்டை நீங்கள் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அதை மறுபடியும் விளக்கத் தேவையில்லை. போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் ஏறினால் சென்னைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் கடல். திரும்பி வரவும் அதே மூன்று நாள். நாம் நினைக்கும் நாளில் கப்பல் கிடைப்பதில்லை. முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும், போட்டி முடிந்தபின் அடுத்த கப்பலுக்கும் காத்திருக்க வேண்டும். விமானத்தில் போகலாமே என்பவர்கள், சீசன் நேரத்தில் தாய்க்கும் மகளுக்கும் போக வர என்ன கட்டணம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். ஐலண்டர் கார்டைக் காட்டி பங்க் வகுப்பில் சீட்டு வாங்கிப் போகும் குடும்பம் எங்களுடையது. எங்களைப் போன்றவர்கள்தான் இங்கே அதிகம். காஞ்சிபுரத்துப் பிள்ளை காலையில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், ஆடிவிட்டு, இரவு வீடு திரும்புகிறது. அந்தப் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே வருகைப் பதிவு விதியா? நடுவில் கிடக்கும் கடலுக்கு என் மகளா பொறுப்பு?

செஸ் விளையாட்டில் சேராது என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே அதை வாங்கியவர்களில் ஒருவர் நம் மேனுவல் ஆரோன். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரும் அவரே. கேல் ரத்னா விருது ஏற்பட்டபோது முதலில் பெற்றவர் விஸ்வநாதன் ஆனந்த். 2024-ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா குகேஷுக்கும் கிடைத்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே செஸ்ஸில் வெள்ளி வென்றன. இந்திய அரசு இத்தனை தடவை விளையாட்டு என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை, அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு இல்லை என்கிறார்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது இந்த ஊரிலும் எல்லாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அவர் படம்தான். அலுவலகங்களில் இனிப்பும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, பாகுவில் பிரக்ஞானந்தா உலகக் கோப்பை இறுதி வரை போனபோது, ஓரமாக நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் நாகலட்சுமியின் படத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர் உண்டா? அந்தத் தாய் போகிற நாட்டுக்கெல்லாம் அடுப்பையும் குக்கரையும் எடுத்துப்போய்ப் பிள்ளைக்குச் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தவர். ஆனந்துக்கு ஆறு வயதில் காய் நகர்த்தச் சொல்லிக் கொடுத்தவரும் தாய்தான், சுசீலா அம்மா. குகேஷின் தந்தை மகனோடு போட்டி போட்டியாக அலைவதற்காகத் தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரம் பள்ளிக்கே போகவில்லை, அவர் படித்த பள்ளி அதற்கு இடம் கொடுத்தது. நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. வருஷத்துக்கு இரண்டே பயணம், அதற்கு ஆப்சென்ட் போடாமல் இருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

“இப்போதுதான் கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் வேகமாகிவிட்டதே, ஆன்லைனில் ஆடட்டும்” என்பது அடுத்த அறிவுரை. 2020 ஆகஸ்டில் அந்தக் கேபிள் வந்ததற்கு நாங்கள் நன்றியுள்ளவர்களே. அதற்கு முன் ஒரு ஆட்டம் முடிவதற்குள் இணைப்பு அறுந்துபோகும். இன்று என் மகள் பயிற்சி எடுப்பதே அதனால்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து திரையில் ஆடும் ஆட்டத்தை வைத்து ஃபிடே ரேட்டிங் கிடைக்காது. நடுவர் முன்னிலையில், பலகைக்கு எதிரெதிரே அமர்ந்து, கடிகாரத்தை அழுத்தி ஆட வேண்டும். முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆகியிருக்க வேண்டும். 2024 மார்ச்சுக்கு முன் 1000 புள்ளி எடுத்தாலே பட்டியலில் பெயர் வரும், இப்போது 1400 வேண்டும். ரேட்டிங் உள்ளவர்கள் நாலு பேரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டமான தீவில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகள் யாரோடு ஆடி அதை எடுப்பது? அதனால்தான் கப்பல் ஏறுகிறோம்.

தலைநகரில் இருக்கும் எங்கள் பாடே இது. திக்லிபூர், மாயாபந்தர் பிள்ளைகள் போர்ட் பிளேருக்கு (ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, வாய் இன்னும் மாறவில்லை) வருவதற்கே ஜாரவா காப்புக்காட்டு வழியாகக் கான்வாய்க்குக் காத்திருந்து வர வேண்டும். கார் நிகோபார், கேம்பல் பே பிள்ளைகளுக்கு மறுபடியும் கப்பல்தான். அந்தக் கார் நிகோபாரிலிருந்து போன ஈசோ ஆல்பன்தான் 2018-இல் சுவிட்சர்லாந்தில் ஜூனியர் உலக சைக்கிள் போட்டியில் வெள்ளி வாங்கி வந்தார். இந்தியாவில் அதுவரை யாரும் வாங்காத பதக்கம் அது. சைக்கிளுக்குப் பயிற்சியாளரும் மைதானமும் கொடுத்தார்கள், பதக்கம் வந்தது. செஸ்ஸுக்கு இவர்கள் செய்ய வேண்டியது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

“ஒரு பிள்ளைக்காக விதியை மாற்ற முடியுமா? இன்று உங்களுக்குக் கொடுத்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள்” என்கிறார்கள். கேட்கட்டும்! கேட்க வேண்டும் என்றுதானே சொல்கிறேன். படிப்பு கெடும் என்பது வெறும் சாக்கு. தவறவிட்ட பாடத்தை இரவில் உட்கார்ந்து எழுதி முடிக்கும் பிள்ளை இவள், மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை கேட்கும் சி.பி.எஸ்.இ.யே தேசியப் போட்டிக்குப் போகும் மாணவர்களுக்குத் தளர்வு தருகிறது. ஆனால் தேசிய அளவுக்குப் போகும் முன் இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளில் ஆடித்தானே தேற வேண்டும்? அதற்கு வழியை அடைத்துவிட்டு, மேலே போனபின் தளர்வு தருகிறோம் என்றால் எங்கள் பிள்ளைகளில் யார் மேலே போவது?

இங்கே அதிகாரிகள் மெயின்லேண்டிலிருந்து வருகிறார்கள், இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போகிறார்கள். கப்பல் சீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் அல்ல அவர்கள். தீவுக்காரன் கஷ்டம் ஒருவருக்குப் புரிகிற நேரத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எங்களுக்குச் சட்டசபை கிடையாது, போய் முறையிட எம்.எல்.ஏ. கிடையாது. தமிழ்நாட்டில் ஜெயலலிதா முதல்வராக இருந்தபோதே 7 முதல் 17 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செஸ் திட்டம் கொண்டுவந்தார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட்டே நடத்திக் காட்டினார்கள். இங்கே ஒரு விடுப்புக் கடிதத்துக்கே இந்த அவமானம்.

நிர்வாகத்திடம் நான் கேட்பது இரண்டுதான். அங்கீகரிக்கப்பட்ட போட்டிக்குப் போகும் எந்த மாணவருக்கும், எந்த விளையாட்டானாலும், கப்பலில் போய்வரும் நாட்களையும் கப்பலுக்காகக் காத்திருக்கும் நாட்களையும் ஆன் டியூட்டியாக எழுதச் சொல்லி ஒரு உத்தரவு. இதற்குப் பணம் செலவில்லை, ஒரு கையெழுத்து போதும். அடுத்தது, ஆண்டு விடுமுறையில் போர்ட் பிளேரில் ஒரு ரேட்டிங் போட்டி. உல்லாசப் பயணிகளை அழைக்க இத்தனை விளம்பரம் செய்கிறார்களே, மெயின்லேண்ட் ஆட்டக்காரர்களையும் அவர்கள் குடும்பத்தையும் கடல் பார்க்க வாருங்கள், அப்படியே ஆடிவிட்டுப் போங்கள் என்று அழைத்தால் வரமாட்டார்களா? எங்கள் பிள்ளைகளுக்கு ஆட ஆள் கிடைக்கும்.

என் மகள் போக வேண்டிய கப்பலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. ஆப்சென்ட் போட்டாலும் அவளை அழைத்துப் போகத்தான் போகிறேன். இதேபோல் மறுக்கப்பட்ட விடுப்புக் கடிதம் கையில் வைத்திருக்கும் பெற்றோர்கள் தீவுகள் முழுதும் இருப்பார்கள். அவர்கள் சும்மா இருக்க வேண்டாம். அதன் நகலை இணைத்து உங்கள் இதழுக்கும் நிர்வாகத்துக்கும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்.