தொழில் வழி: வாய் பேசாத நோயாளிக்குத் தாதி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தம் மகள், நாய்க்கும் பூனைக்கும் நர்ஸாகப் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பதாகவும், இப்படியும் ஓர் உத்தியோகம் உண்டா, அதற்குப் படிப்பு எங்கே என்றும் மாதுங்காவிலிருந்து ஒரு சகோதரி வினவியிருக்கிறார். ஊரிலுள்ள மாமியாரோ, “சாணம் அள்ளவா பெண்ணை மும்பையில் படிக்க வைத்தீர்கள்?” என்கிறாராம். அந்த அம்மாளின் வார்த்தையில் பாதி உண்மை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். கூண்டு கழுவுவதும், மலத்தின் நிறத்தைப் பார்த்துக் குறித்துவைப்பதும் இத்தொழிலில் தினசரி வேலைகள். அருவருப்புள்ளவர்க்கு இது ஒவ்வாது.

வைத்தியர் படிப்பு வேறு, இது வேறு. கால்நடை மருத்துவப் பட்டம் பெற, உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டு செல்லும். பரேலில் 1886-ல் தோன்றிய கல்லூரியும், சென்னை வேப்பேரியில் 1903-ல் தோன்றிய கல்லூரியும் அதற்கெனவே அமைந்தவை. நோய் இன்னதென்று நிர்ணயிப்பதும், மருந்து எழுதுவதும், பெரிய அறுவை செய்வதும் வைத்தியருக்கே உரியவை. தாதி அவருக்கு வலக்கையாய் நிற்பவள்.

இத்தொழில் ஒழுங்கான படிப்பாக வளர்ந்த தேசம் பிரிட்டன். அங்குள்ள ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி 1961-ல் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆயினும் அப்பெண்களை நர்ஸ் என்று அழைக்க இயலவில்லை. அப்பெயர் மனிதருக்குப் பணிபுரிவோர்க்கே சட்டப்படி உரியதாயிருந்தது. ‘பிராணிப் பணிவிடைத் துணையாளர்’ என்ற நீண்ட பெயரோடு இருபது வருஷங்களுக்கு மேல் காலந்தள்ளி, 1984-ல்தான் நர்ஸ் என்ற பெயரைப் பெற்றார்கள். வைத்தியரின் ஆணைப்படி சிறு சிகிச்சைகளைத் தாமே செய்யும் உரிமை 1991-ல் வந்தது. இன்று அங்கே இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை, வகுப்பில் பாடமும் மருத்துவமனையில் வேலையுமாகப் பயின்று, செய்முறைத் தேர்விலும் தேறியபின்னரே பெயர் பதிவாகிறது.

அத்தனை ஆண்டு என்ன கற்கிறார்கள் என்று கேட்கலாம். கருத்தடை அறுவைக்காக ஒரு பெண் நாயை மேசையில் கிடத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வைத்தியரின் கண் கத்தியின் முனையில் இருக்கும். அந்த நாய் மூச்சுவிடுகிறதா, மயக்கம் ஆழ்ந்துவிட்டதா, தெளிந்துவருகிறதா என்று பார்ப்பவள் தாதி. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்கவேண்டும். தாமதித்தால் இரத்த ஓட்டத்தில் ஏதோ கோளாறு. தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, கண்மணி எப்பக்கம் திரும்பியிருக்கிறது, நாடி எத்தனை என்று ஐந்து நிமிஷத்துக்கொருமுறை ஏட்டில் எழுதவேண்டும். கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். கருவி கூவும்போது கழன்றது கம்பியா, நின்றது மூச்சா என்று அறியும் கண் வேண்டுமல்லவா? அறுவை முடிந்தபின் உடல் குளிர்ந்துபோகாமல் காப்பதும் அவள் பொறுப்பே. நமக்குக் காய்ச்சலென்று தோன்றும் 101.5 பாரன்ஹீட், நாய்க்கு இயல்பான சூடு என்பதை அறியாதவர் அங்கே நிற்பது ஆபத்து.

பூனையோ இன்னும் கடினம். வலியை மறைப்பது அதன் சுபாவம். முதுகைக் கூனிக்கொண்டு, மேனியை நக்கிச் சுத்தம் செய்யாமல், ஒரு மூலையில் அடங்கிக் கிடந்தால் அதுவே அதன் முறையீடு. பருத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே தீங்காகும். ஆகவே எத்தனை கவளம் தின்றது என்பதும் ஏட்டில் ஏறும். நாம் தலைவலிக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. பிரியத்தால் அதைக் கொடுத்துவிட்டுப் பதறி ஓடிவரும் வீட்டாரைக் கடியாமல் விசாரித்து, எப்போது, எவ்வளவு என்று கேட்டறிவதும் ஒரு பயிற்சியே.

இனி நம் நாட்டு நிலை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் வைத்தியர்களைத்தான் பதிவு செய்கிறது. தாதிக்கு அதில் தனிப் பதிவேடு இல்லை. பட்டயமோ சான்றிதழோ பெற்றவர்கள், பதிவுபெற்ற வைத்தியரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. அத்தகைய பட்டயங்கள் பெரும்பாலும் ஆடு மாடு கோழிகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. நகரத்து நாய், பூனை மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்தே கற்கிறார்கள். நல்ல வைத்தியர் அமைந்தால் நன்றாகக் கற்கலாம். இல்லையேல் பத்து வருஷமும் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரும். இது அநீதி என்பதே நம் கருத்து. மயக்கத்தில் கிடக்கும் உயிரை ஒப்படைக்கிறவளுக்குப் பதிவும் தேர்வும் வேண்டாமா?

ஆகவே சகோதரிக்கு நாம் கூறுவது இது. ‘வெட்டரினரி நர்ஸ்’ என்று சில வாரங்களில் சான்றிதழ் தருவதாகப் பணம் கேட்கும் இடம் எதுவாயினும், எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் கையில் வேலை தருவீர்கள், பதிவுபெற்ற வைத்தியர் யார் கற்பிப்பார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலானால் பணம் கட்டவேண்டாம். பெண்ணுக்கு விஞ்ஞானத்தில் நல்ல மதிப்பெண் இருந்தால் வைத்தியர் படிப்புக்கே முயலட்டும். எதற்கும் முன்னால், வீட்டருகேயுள்ள மருத்துவமனை ஒன்றில் ஒரு மாதம் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் அங்கே காலடி வைக்கவேண்டும். அந்நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. தன்னைக் கீறிய பூனையை மறுநாளும் போய்த் தூக்குகிறாளா என்பதை அம்மாதத்திற்குள் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மாமியாருக்கு அதற்கப்புறம் கடிதம் எழுதுங்கள்.