விமானத்தில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும்

பெண் பார்க்கக் கிளம்பும் முன்பே, மாப்பிள்ளை வீட்டு அண்ணன் தம்பிகள் "நான்தான் மாப்பிள்ளை" என்று தெருவில் கட்டிப் புரண்டால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. பூர்வாங்கத் தேர்தல் என்று பெயர். ஜனாதிபதி பதவிக்குத் தங்கள் கட்சியின் அபேட்சகர் யார் என்பதற்காக ஒரே கட்சிக்காரர்கள் ராஜ்யம் ராஜ்யமாகப் போய் மோதிக்கொள்வார்கள். எதிர்க்கட்சியோடு சண்டை அதற்குப் பிறகுதான்.

இவற்றில் தொழிலாளி கவனிக்க வேண்டியது, 1960 மே 10-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த போட்டி. அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலை நாடு. சுரங்கத்துக்குள் யந்திரம் இறங்கியது, ஆள் வெளியேறினான். 1950-இல் லட்சம் பேருக்கு மேல் வேலை செய்த இடத்தில், பத்தே ஆண்டுகளில் பாதிப்பேர்கூட மிஞ்சவில்லை. வேலை போனவன் சர்க்கார் கொடுக்கும் உபரி மாவுக்கும் பால் பவுடருக்கும் கியூவில் நின்றான்.

அந்தக் கியூவின் முன்னால் வந்து கும்பிடு போட்டவர்கள் இருவர். கென்னடி, கோடீஸ்வரர் மகன். குடும்ப விமானத்தில் வந்து இறங்கினார். ஹம்ப்ரி, மருந்துக்கடைக்காரர் மகன். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்தார். ஊரெல்லாம் கிளை வைத்த பெரிய கடையோடு ஒற்றைக் கடைக்காரன் மல்லுக்கட்டுவது போலிருக்கிறது என்று அவரே அந்த ஆண்டு புலம்பினார். கடைசி நாட்களில் தொலைக்காட்சிக்குக் கட்டப் பணமில்லாமல் சொந்தச் செக் எழுதினார். ஜனங்கள் டெலிபோனில் கேட்க, அவர் பதில் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. நடுவிலே ஒரு குரல் புகுந்து, "லைனை விடுங்கள், அவசரம்!" என்று கத்தியது. பாவம், காசு கொடுத்து வாங்கிய நிமிஷங்கள்!

கென்னடிக்கு அந்தக் கவலை இல்லை. 1958-இலேயே ஒரு விருந்தில், தகப்பனாரிடமிருந்து தந்தி வந்திருப்பதாக வேடிக்கை செய்தவர் அவர்: தேவைக்கு மேல் ஒரு வோட்டுக்கூட வாங்காதே, அமோக வெற்றிக்கெல்லாம் நான் பணம் கொடுக்க மாட்டேன் என்று. சிரிப்புக்குச் சொன்னதுதான். பணமில்லாதவன் வீட்டில் இந்தச் சிரிப்பு பிறக்காது. மேற்கு வர்ஜீனியாவிலோ, வட்டாரப் பெரிய மனிதர்கள் அச்சடித்துக் கொடுக்கும் சீட்டில் பெயர் ஏறுவதற்கே பணம் இறைக்கும் வழக்கம்.

ஒரு சுரங்கத் தொழிலாளி கென்னடியிடம், "நீர் ஒரு நாள்கூடக் கையால் உழைத்ததில்லையாமே?" என்று கேட்டாராம். கென்னடி ஆமென்றார். "கவலைப்படாதீர், அதனால் உமக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்றாராம் தொழிலாளி.

புராடெஸ்டண்டுகள் மிகுந்த அந்த ராஜ்யத்தில் கத்தோலிக்கரான கென்னடிக்கு நூற்றுக்கு அறுபது வோட்டு விழுந்தது. மதம் பார்த்து வோட்டுப் போட மாட்டோம் என்று ஜனங்கள் காட்டினார்கள். அந்தப் பெருமை அவர்களுடையது, பணப்பையின் பெருமையல்ல. கென்னடியும் வெறுங்கையைக் காட்டிவிடவில்லை. 1961 ஜனவரியில் பதவியேற்றதும் போட்ட முதல் உத்தரவே, ஏழைகளுக்கான உபரி உணவை இருமடங்காக்குவதுதான். இதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் மாவு இருமடங்கானதே தவிர, கியூ கலையவில்லை. யந்திரம் கொண்டுவந்த லாபம் யார் மடியில் விழுந்தது என்ற கேள்வி எந்த வோட்டுச் சீட்டிலும் அச்சாகவில்லை. ஹம்ப்ரி ஜெயித்திருந்தாலும் அச்சாகியிருக்காது என்பதே நம் அபிப்பிராயம்.

ஹம்ப்ரியின் கதைதான் இன்னும் வேடிக்கை. 1968-இல் அவர் எந்த ராஜ்யத்தின் பூர்வாங்கத் தேர்தலிலும் போட்டியிடவில்லை. சிகாகோ மாநாட்டில் கட்சிப் பெரியவர்கள் அவரையே அபேட்சகராக்கினார்கள்! பஸ்ஸில் ஊர் ஊராய் அலைந்தபோது கிடைக்காதது, அலையாதபோது கிடைத்தது. பொதுத் தேர்தலில் நிக்சனிடம் தோற்றார். அதன் பிறகு கட்சியின் விதிகளை மாற்றினார்கள். 1972-இல் ஹம்ப்ரி மறுபடி பூர்வாங்கத் தேர்தல்களில் இறங்கினார். மேற்கு வர்ஜீனியா இம்முறை அவருக்கே வோட்டுகளைக் கொட்டியது. அபேட்சகர் ஸ்தானம் மட்டும் மெக்கவர்னுக்குப் போயிற்று.