தலைமையாசிரியர்க்கு இலக்கணம் எங்கே?

பவணந்தியாரின் நன்னூலை மாணவர்க்கு நடத்தும்பொழுதெல்லாம் பொதுப்பாயிரத்தில் சற்று நேரம் நின்றுவிடுவது நம் வழக்கம். நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கிய அப்பெருமகனார், ஆசிரியராகத் தகாதவர்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளை அடுக்குகிறார். நீர் வார்த்தவனை விட்டு அடுத்தவன் மனையில் காயை உதிர்க்கும் முடத்தெங்கைச் சொன்னவுடன் வகுப்பில் சிரிப்பெழும். மாணவர் யாரை நினைத்துச் சிரிக்கின்றனர் என்று நாம் கேட்பதில்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பாடஞ்சொல்லும் முறைக்கும் இலக்கணம் வகுத்த அந்நூலில் தலைமையாசிரியர்க்கு இலக்கணம் இல்லை, இருக்கவும் இயலாது. ஓராசிரியர், அவரைச் சூழ்ந்த சில மாணாக்கர் என்பதே அன்றைய பள்ளி. ஆயிரம் பிள்ளைகளும் நாற்பது ஆசிரியர்களும் அரசாணைகளும் மானியக் கணக்கும் சேர்ந்த நிறுவனம் பின்னாளில் வந்தது. அதனை நடத்துவோர்க்குரிய இலக்கணத்தை நம் சமுதாயக் கல்வி நிலையங்கள் இன்னும் தேடத் தொடங்கவில்லை என்பதே நம் வழக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் நடத்தும் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அமரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஊர்ப்பெயர் வேண்டாம். இருவர் வந்திருந்தனர். ஒருவர் பணிமூப்பில் முதல்வர். இயற்பியலை உயிராக நேசித்தவர். அவர் வகுப்பில் படித்த பிள்ளைகள் பொறியாளராகவும் மருத்துவராகவும் உலவுகின்றனர். மற்றவர் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை, வயதில் இளையவர், அஞ்சல்வழியில் கல்வி மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் பெற்றிருந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்.

குழுவினர் கேட்டவை மூன்றே வினாக்கள்: எத்தனை ஆண்டுப் பணி? உங்கள் பாடத்தில் தேர்ச்சி விழுக்காடு என்ன? பள்ளிக்கு அருகில் குடிவர இயலுமா? ஆசிரியையின் நோட்டுப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் வினவவில்லை. தாமே முன்வந்து அவர் சொன்னார்: பத்தாம் வகுப்பில் தேறிய மாணவியருள் பதினொன்றாம் வகுப்பில் சேராதவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக எழுதி வைத்திருக்கிறார். வீடுவீடாகச் சென்று காரணம் கேட்டிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே திசையில் உள்ள சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். மேல்வகுப்பினர்க்கான மாலைச் சிறப்பு வகுப்பு முடியுமுன் அத்திசைக்குரிய கடைசிப் பேருந்து போய்விடுகிறது. வறுமை, இளவயது மணம், பெற்றோர் அறியாமை என்று நாம் மேடைதோறும் முழங்கி வந்த காரணங்களுக்கிடையே கால அட்டவணை ஒன்று ஒளிந்திருந்தது.

குழு அதனைக் கேட்டுத் தலையசைத்தது. “மூத்தவரை விட்டுவிட்டு இளையவரைப் போட்டால் வீண்பேச்சு வரும்” என்றார் பெரியவர் ஒருவர். நாம் வாய் திறக்கவில்லை. தமிழாசிரியனுக்கு நிருவாகத்தில் என்ன வேலை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கையொப்பமிட்டு வந்தோம்.

இரண்டாண்டு கழித்து அந்த இயற்பியல் ஆசிரியரைத் திருமண வீடொன்றில் கண்டோம். இளைத்திருந்தார். தணிக்கைத் தடைகள், ஆசிரியர் இருவரிடையே வழக்கு, எமிஸ் பதிவுகள், ஓயாத கூட்டங்கள். “எனக்குப் பாடம் நடத்தத் தெரியும் சார். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே” என்றார். அப்பள்ளி நல்லதோர் இயற்பியல் ஆசிரியரை இழந்தது, தலைமையாசிரியரையும் பெறவில்லை. இதில் அவர் குற்றம் எள்ளளவும் இல்லை. நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கரையில் நின்றோர் நாம்.

இவ்விடத்துச் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவவும் நிருவகிக்கவும் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. பணிமூப்பில் முதலில் நின்றவரை விடுத்து வேறொருவரைத் தலைமையாசிரியராக அமர்த்திய கேரளத்து எம்ஜே உயர்நிலைப்பள்ளியின் வழக்கில், தகுதியுடைய ஒருவரைத் தலைமையாசிரியராகத் தெரிவு செய்வது இவ்வுரிமையின் பாற்பட்டதே என உச்சநீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. சிறுபான்மைக் கல்லூரி முதல்வர் பதவி குறித்தும் 2006இல் அதே நிலைப்பாட்டை எடுத்தது. அரசுப் பள்ளிகளுக்குப் பணிமூப்பு என்னும் தளை உண்டு. நமக்கு அத்தளை இல்லை. அங்ஙனமிருந்தும் நாம் விரும்பியே அத்தளையைப் பூட்டிக்கொள்கிறோம்; பூட்டிக்கொள்ளாத இடங்களில் உறவுமுறையைப் பார்க்கிறோம். எதனை அதிகமாக அஞ்சவேண்டும் என்பது நமக்குத் தெரியவில்லை. உரிமைக்காக நீதிமன்றப் படியேறிய சமுதாயம், அவ்வுரிமையைக் கொண்டு யாரை அமர்த்துவது என்னும் வினாவிற்கு ஆயத்தம் செய்யவில்லை.

கல்விக் கொள்கை, பள்ளித் தலைமை ஆகியவற்றைப் பட்டமேற்படிப்பாகக் கற்பதென்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளியின் சீரான நடப்பு முடிவில் தலைமையாசிரியரையே சார்ந்தது என்று அன்றே கருத்துரைத்தது. ஆசிய நாடுகளின் கல்வித் திட்டமிடுவோர்க்கும் நிருவாகிகட்கும் பயிற்சியளிக்க யுனெஸ்கோவின் துணையுடன் 1962இல் புதுதில்லியில் தொடங்கிய மையம், 1979இல் தேசியக் கல்வித் திட்டமிடல் நிருவாக நிறுவனம் என்னும் பெயர் பெற்று, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பள்ளித் தலைமைக்கென்றே 2012இல் தேசிய மையம் ஒன்றும் அங்கு அமைக்கப்பட்டது. இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது. எம்.எட். படிப்பிலும் நிருவாகம் ஒரு பாடம். ஆயினும் நம் ஊர்களில் எம்.எட். என்பது ஊதிய உயர்விற்கான படியாகவே எண்ணப்படுகிறது. அதில் படித்ததைப் பள்ளியில் செய்து பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் சங்கடப்படுவர்.

அப்படிப்பில் கற்பது யாது? ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளியும் மாணவர் விவரங்களை அரசுக்கு நிரப்பி அனுப்புகிறது. பல பள்ளிகளில் எழுத்தர் நிரப்புவார், தலைமையாசிரியர் கையொப்பமிடுவார், அவ்வளவே. அந்த எண்களைப் படிக்கக் கற்றவர்க்கு எவ்வகுப்பிலிருந்து எவ்வகுப்பிற்குச் செல்கையில் எப்பிள்ளைகள் உதிர்கின்றனர் என்பது புலனாகும். எண்ணிலிருந்து காரணத்திற்கும், காரணத்திலிருந்து கால அட்டவணைக்கும் செல்லும் வழியே கல்விக் கொள்கை எனும் படிப்பு. அந்த ஆசிரியையின் நோட்டுப் புத்தகம் வேறென்ன? சட்டமும் அவ்வாறே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014இல் உச்சநீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பின் சரிமை குறித்து ஐயம் எழுப்பி 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு அதனைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. ஆசிரியர் தகுதித் தேர்வு யார்க்குக் கட்டாயம் என்பதோடு இணைந்த செய்தி இது. நம் பள்ளிகளின் ஆசிரியர் பலர்க்கு இது வாழ்வுப் பிரச்சினை. எத்தனை தாளாளர்கள் அத்தீர்ப்பைப் படித்திருப்பர்?

கொள்கை அறியாமையைப் பிறர்மேல் மட்டும் ஏற்றிச் சொல்வது முறையன்று. ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை விலக்குவதெனத் தேசியக் கல்விக் கொள்கை 2020இல் கூறியது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அதனை நிறைவேற்றின. நம் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள் இனி எந்த மாணவர்க்கும் கிட்டா என்பதை நாம் நாளிதழில் பார்த்துத்தான் அறிந்தோம். கொள்கை ஆவணத்தை அதுவரை புரட்டியதில்லை.

இனி மறுதரப்பார் சொல்வதையும் கேட்போம். பட்டம் பெற்றால் தலைமைப் பண்பு வந்துவிடுமா என்பர். வாராது. கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் தலைவராக இருந்த ஆர்தர் லெவின் 2005இல் வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கல்வி நிருவாகப் படிப்புகளுள் பெரும்பாலானவை தரங்குன்றியவை என்று தம் கூட்டத்தாரையே சாடினார். சம்பள உயர்விற்காகச் சேர்வோர், பள்ளியோடு ஒட்டாத பாடங்கள் என அவர் கண்ட குறைகள் நம் எம்.எட். படிப்பிற்கும் பொருந்தும். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய தலைமையாசிரியர் தகுதிச் சான்று 2009இல் கட்டாயமாக்கப்பட்டு, 2012இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. எனவே சான்றிதழை வாயிற்காவலனாக நிறுத்துமாறு நாம் கூறவில்லை.

ஆயின் ஆய்வுகள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. மாணவர் கற்றலைத் தூண்டும் பள்ளிசார் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கே என்று கென்னத் லீத்வுட்டும் அவர்தம் குழுவினரும் 2004இல் காட்டினர். தலைவர் செய்யும் பணிகளுள் மிகுபயன் தருவது ஆசிரியர்களின் கற்றலை வளர்ப்பதும் அதில் தாமும் அமர்ந்து பங்கேற்பதுமே என்பது நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடனாய்ந்தோரும் 2008இல் வெளியிட்ட முடிவு. நம் பள்ளிகளில் தலைமையாசிரியர் பிற ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்தால் அதனை வேவு என்பர். அமராவிட்டால் மரியாதை என்பர். சிங்கப்பூரிலோ, தலைமைப் பொறுப்பிற்குத் தெரிவானோரை ஆறு மாதம் முழுநேரப் படிப்பிற்கு அனுப்பியபின் பள்ளியை ஒப்படைக்கும் முறை 2001 முதல் அமைந்தது. பதவியில் அமர்த்திவிட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் நம் வழக்கத்திற்கு இது நேர்மாறு.

நம் நிருவாகப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது பெருந்தொகையன்று. கட்டடத்திற்குக் கல்வெட்டு வைத்து நன்கொடை தரும் பெருமனம் நம்மவர்க்கு என்றும் குறைந்ததில்லை. அந்நிதியில் ஒரு சிறு கூறு, ஆண்டுக்கோர் ஆசிரியரை ஊதியத்துடன் விடுப்பளித்து இத்துறையில் படிக்க அனுப்பப் போதும். கல்வெட்டில் பெயர் வராது; அதுவே இதிலுள்ள இடர். படித்து வருபவர் ஒரு பருவமாவது வேறொரு பள்ளியின் நல்ல தலைமையாசிரியர் அருகில் இருந்து பழகுதல் வேண்டும். ஆசிரியையர் இதில் முந்துரிமை பெறவேண்டும் என்பதும் நம் கருத்து. பெண்பிள்ளைகளின் படிப்பு எங்கே அறுபடுகிறது என்பதை நமக்கு அறிவித்தவர் ஓர் ஆசிரியையே அன்றோ?

தமிழ்த்துறைக்கும் இதில் கடமை உண்டு. இத்துறையின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. சிற்றூர்த் தலைமையாசிரியர் தமிழில் ஆணை பெற்று, தமிழில் பெற்றோரிடம் பேசி, தமிழில் அறிக்கை எழுதுகிறார். அவர் கற்க வேண்டிய படிப்பு மட்டும் வேற்றுமொழியில் நிற்கிறது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்து, ஊரார் கைகொடுக்கப் பகலுணவுத் திட்டத்தையும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் நடத்திக் காட்டிய நெ.து. சுந்தரவடிவேலு தம் பட்டறிவை ‘நினைவு அலைகள்’ எனத் தமிழில் எழுதி வைத்துச் சென்றார். அதனைத் தன்வரலாற்று இலக்கியம் என்று மட்டும் பாடம் வைத்திருக்கிறோம். கல்வி நிருவாக நூலாகவும் அதனைப் படிக்கலாம். நம் துறை மாணவருள் ஆசிரியப் பணிக்குச் செல்வோர் பலர். அவர்களோடு வரும் பருவத்தில் அவ்வாறு ஒரு வாசிப்பைத் தொடங்க எண்ணியுள்ளோம்.

அந்த இயற்பியல் ஆசிரியர் இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். அதே பள்ளியிலிருந்து தேர்வுக் குழுவிற்கு மீண்டும் அழைப்பு வந்திருக்கிறது. வரலாற்று ஆசிரியையும் விண்ணப்பித்திருப்பதாகக் கேள்வி. அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருமாறு அவர்க்குச் சொல்லியனுப்ப நமக்கு உரிமையில்லை. வந்தால், முதல் வினாவாக அதனைத் திறந்து காட்டுமாறு கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.