வங்கியில் தமிழ் மாணவர்க்கு என்ன வேலை?

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்களிடம், படிப்பு முடிந்தபின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று வினவினால் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. பி.எட். முடித்து ஆசிரியராவது ஒன்று. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதுவது மற்றொன்று. இரண்டும் நல்ல வழிகளே. ஆயினும் ஊர்தோறும் கிளை பரப்பி நிற்கும் வங்கிகளைப் பற்றி அவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அது வணிகவியல் படித்தோர்க்கும் ஆங்கிலம் தடையின்றிப் பேசுவோர்க்கும் உரிய இடம் என்று தாமே முடிவு செய்து ஒதுங்கிக்கொள்கின்றனர். இம்முடிவு தவறானது என்பதே நம் கருத்து. அதற்கு நம் துறை மாணவி ஒருவரின் பட்டறிவைச் சான்றாகக் காட்ட விழைகிறோம்.

ஒரு நாள் அறிமுகம்

இறுதியாண்டு மாணவர்களை ஒரு நாள் தம்மிடம் அழைத்துத் தம் பணிகளை விளக்கிக் காட்டும் வழக்கம் இன்று பல நிறுவனங்களில் உள்ளது. அவ்வகையில் தனியார் வங்கி ஒன்று நடத்திய பணி அறிமுக நாளுக்கு நம் மாணவியும் சென்றிருந்தார். உடன் சென்றவர்கள் அனைவரும் வணிகவியல், வணிக நிர்வாகவியல் மாணவர்கள். தமிழ்த்துறையிலிருந்து சென்றவர் அவர் ஒருவரே. அவருடைய குடும்பத்தில் பட்டப்படிப்பை எட்டிய முதல் தலைமுறை அவர். நகைக்கடன் பெறவும் அதைத் திருப்பவும் அன்றி அவர் வீட்டார் வங்கி வாயிலை மிதித்ததில்லை.

முற்பகலில் குளிரூட்டப்பட்ட அரங்கில் விளக்கவுரைகள் நடந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். வைப்புத்தொகை வகைகள், கடன் வகைகள், வாரிசு நியமனத்தில் வந்துள்ள புதிய விதி எனப் பலவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இடையே மாணவர்கள் தம்மை அறிமுகம் செய்துகொண்டபோது இவர் தம் பாடத்தைச் சொல்ல, அலுவலர் ஒருவர், “தமிழ் படித்துவிட்டு வங்கியில் என்ன செய்வீர்கள்?” என்று புன்னகையுடன் கேட்டிருக்கிறார். தீய எண்ணத்தோடு கேட்டதாகத் தோன்றவில்லை என்று மாணவியே நம்மிடம் கூறினார். எனினும் சொல்லுவதற்கு விடையின்றி அமர்ந்துவிட்டார்.

பிற்பகலில் அனைவரையும் கீழ்த்தளத்துக் கிளைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே மூதாட்டி ஒருவர் தம் சேமிப்பை வைப்புத்தொகையாக இட வந்திருந்தார். “நாமினி பெயர் சொல்லுங்கம்மா” என்று கவுண்ட்டரில் இருந்த இளைஞர் மும்முறை கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. இளைஞரோ வெளிமாநிலத்தவர், அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. மகன் பெயரைச் சொன்னால் பணம் இன்றே மகனுடையதாகிவிடுமோ என்பது மூதாட்டியின் அச்சம். நம் மாணவி அருகில் சென்று, “பாட்டி, உங்க காலத்துக்குப் பிறகு இந்தப் பணத்தை யார் வாங்கிக்கணும்னு எழுதுற இடம் இது. நீங்க இருக்கிறவரைக்கும் பணம் உங்களோடதுதான். பெயரைப் பிறகு மாத்திக்கவும் செய்யலாம்” என்றார். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர்வரை நியமிக்கலாம் என்று முற்பகலில் கேட்டதையும் சேர்த்துச் சொன்னார். மூதாட்டி தம் இரு பெண்மக்களின் பெயர்களையும் சொல்லிப் படிவத்தில் கையொப்பமிட்டார்.

முற்பகலில் எழுந்த வினாவுக்கு இதனினும் நல்ல விடை உண்டோ? வங்கியின் பணி எண்களோடு முடிவதன்று. பணத்தை ஒப்படைப்பவர்க்கு அதன் நிபந்தனைகள் விளங்க வேண்டும். விளங்காத படிவத்தில் இடும் கையொப்பம் பின்னர் வழக்காகவும் இழப்பாகவும் முடிதல் கூடும். வாடிக்கையாளர்க்கான படிவங்களும் சீட்டுகளும் கணக்குப் புத்தகமும் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதும் இதனாலேயே.

கணக்குத் தமிழ்

கணக்கு தமிழுக்குப் புதியதன்று. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்பன நம் வணிகர்களின் நாவில் புழங்கிய சொற்கள். அசல், பாக்கி, வசூல், ஜாமீன் என்பன அரபு மூலத்தினின்று வந்து தமிழர் கடைவீதியில் ஊன்றிவிட்ட சொற்கள். 1904இல் கும்பகோணத்தில் தோன்றியது இன்றைய சிட்டி யூனியன் வங்கி. 1907இல் சென்னையில் இந்தியன் வங்கியும், 1916இல் கரூர் வைசியா வங்கியும், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்னும் பெயரில் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும், 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தோன்றின. பற்றுவரவைத் தமிழில் எழுதிய மக்களின் பணத்தால் வளர்ந்தவை இவை. இங்கே தமிழ் கற்றவர் அயலார் ஆவது எங்ஙனம்?

தேர்வும் ஆயத்தமும்

உரிமை பேசுவது மட்டும் போதாது, ஆயத்தமும் வேண்டும். பாரத ஸ்டேட் வங்கி தனக்கெனத் தேர்வு நடத்துகிறது. ஏனைய பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் நிலைப் பணிக்கு ஐ.பி.பி.எஸ். நிறுவனம் பொதுத்தேர்வு நடத்துகிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அதனை எழுதலாம். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியறிவும் கட்டாயம். தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளில் இத்தேர்வை நடத்த 2021இல் முடிவாயிற்று. முதல்நிலைத் தேர்வின் 100 மதிப்பெண்களில் ஆங்கிலத்துக்கு 30, எண்கணிதத்திறனுக்கு 35, பகுத்தறிதிறனுக்கு 35. பின்னைய இரண்டையும் தமிழிலேயே எழுதலாம். அஃதாவது 70 மதிப்பெண்கள் நம் மொழியில். ஆனால் நேரம் ஒரு மணிதான். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். ஆகவே முதலாண்டிலேயே நாள்தோறும் சிறிது நேரம் கணக்குப் பயிற்சி செய்பவரே வெல்வர். ஆங்கிலத்தையும் ஒதுக்கிவிட இயலாது.

இருதரப்புக்கும் சில சொற்கள்

அறிமுக நாள் நடத்துவோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. அரங்கத்து நேரத்தைக் குறைத்துக் கவுண்ட்டர் நேரத்தைக் கூட்டுங்கள். காப்பீடு விற்பதற்கும் புதுக் கணக்குகள் பிடிப்பதற்கும் ஊழியர்க்கு விதிக்கப்படும் இலக்குகளையும், மாலை நெடுநேரம் நீளும் பணியையும், இடமாற்றங்களையும் மறையாது சொல்லுங்கள். நம் மாணவி திரும்பும்முன் இலக்கு பற்றிக் கேட்டபோது, “சேர்ந்தபின் தெரிந்துகொள்வீர்கள்” என்பதே விடையாயிற்று. வாழ்க்கையைத் தீர்மானிக்க வந்த இளையோர்க்கு அது போதுமான விடையன்று.

மாணவர்க்குச் சொல்வது இது. ‘நீ என்ன செய்வாய்?’ என்று எவரேனும் கேட்டால் தலைகுனிய வேண்டா. படிவத்தைப் படித்து, பொருளுணர்ந்து, எழுத்தறியாத ஒருவர்க்கும் விளங்கச் சொல்வேன் என்று நிமிர்ந்து கூறுங்கள். செய்யுளுக்குப் பொருள் கூறிப் பழகிய உங்களுக்கு அது அரிதன்று.

துறைகளுக்கும் ஒரு கடமை உண்டு. இத்தகைய அழைப்பு கல்லூரிக்கு வரும்போது அது வணிகவியல் துறையின் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகிறது. இனி அது தமிழ்த்துறைப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். அடுத்த அறிமுக நாளுக்கு நம் துறையிலிருந்து பத்துப் பேராவது பெயர் கொடுக்க வேண்டும். சென்று வந்த மாணவி, தம் குறிப்பேட்டுடன் இளையோர்க்கு வழிகாட்ட ஆயத்தமாக இருக்கிறார்.