ரத்தம் கரைந்த பிறகு: எங்கள் நிலைப்பாடு

எடமலைப்பட்டி புதூரில், மூளையில் ரத்தம் கசிந்து பக்கவாதம் கண்டவர்களின் வீட்டார் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொல்வது இது: "ஸ்கேன்ல ரத்தம் கரைஞ்சிடுச்சாம், இனிமே பயமில்லைன்னு அனுப்பிட்டாங்க. ஆனா கைதான் விளங்கல." அந்த 'ஆனா'வைப் பற்றியதே இந்த அறிக்கை.

உயர் ரத்த அழுத்தத்தால் வெடிக்கும் சிறு குழாய்கள் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில், கை கால்களுக்கு உத்தரவு இறங்கும் நரம்பிழைக் கற்றைக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. கொழுப்புறை போர்த்திய இந்த இழைகளின் தொகுதிதான் வெண்பொருள். மூளையில் ஏறக்குறைய பாதி அதுவே. உறைந்த ரத்தம் முதலில் அதை நசுக்குகிறது. பிறகு சிவப்பணுக்கள் சிதைந்து கசியும் இரும்பும், கூடவே வரும் வீக்கமும் அழற்சியும் உறையை அரிக்கின்றன. அறுந்த இழை அறுந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி மாதக்கணக்கில் நலிந்துகொண்டே போகும். சி.டி. ஸ்கேனில் ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இந்த நலிவு தெரியாது.

எங்களில் ஒருவர், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நட்டு, போல்ட்டோடு வாழ்ந்த விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் முதலில் எட்டாக்கனியாக இருந்தது. மூன்றாவது மாதம் துளையைக் கட்டைவிரல் கண்டுபிடித்தது. உள்ளே தள்ள மேலும் இரண்டு மாதம். இதற்கிடையே மருந்து எதுவும் மாறவில்லை. பயிற்சி மட்டும் நிற்கவில்லை.

அறுந்த வெண்பொருளை ஒட்டவைக்கும் மருந்து இன்றுவரை நிரூபணமாகவில்லை. இரும்பை அகற்றும் டெஃபெராக்ஸமைனை வைத்து நடந்த பெரிய ஆய்வுகூட 2019-இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆகவே பக்கவாதத்துக்கென்று விற்கப்படும் ஸ்டெம் செல் ஊசிக்கு நகையை அடகு வைக்காதீர்கள் என்றே சொல்வோம். புறா ரத்தம் தேய்ப்பதற்கும் அதே பதில்தான், செலவு குறைவு என்பதைத் தவிர.

இழைகளைப் படம்பிடிக்கும் சிறப்பு எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டும் என்று உறுப்பினர் சிலர் வாதிட்டார்கள். அமைப்பாக நாங்கள் அதைக் கேட்கவில்லை. சேதத்தின் படம் கையில் இருந்தாலும் செய்யப்போவது பயிற்சிதான். அந்தப் பணம் இயன்முறை மருத்துவருக்குப் போகட்டும்.

அவர் எங்கே கிடைப்பார் என்பதுதான் சிக்கல். அரசு மருத்துவமனை இருப்பது புத்தூரில், நாங்கள் இருப்பது புதூரில். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கோ அரை நாள் கூலி போகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதாகச் சொல்கிறது. எங்கள் கோரிக்கை: ரத்தக்கசிவு நோயாளி வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் அவர் விவரம் வார்டு சுகாதாரப் பணியாளரிடம் சேர வேண்டும். குறைந்தது ஆறு மாதம், குறிப்பிட்ட கிழமைகளில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வர வேண்டும். பேச்சுப் பயிற்சியும் அதில் சேர வேண்டும். இப்போது அதைக் கேட்பாரே இல்லை.

வீட்டாருக்கும் ஒன்று. கை அசையத் தொடங்கியதும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது கசிவுக்கு அதுவே வழி. எங்கள் கூட்டத்துக்கு வரும்போது நோயாளியை மட்டுமல்ல, மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள், எண்ணிப் பார்ப்போம்.