படம் திரைக்காகவா, பார்ப்பவருக்காகவா?



அறிவியல் கண்காட்சி வந்தாலும், ஆண்டு விழா வந்தாலும், கல்விச் சுற்றுலா முடிந்து திரும்பினாலும், எடுத்த புகைப்படங்களைக் கோத்து ஒரு ஸ்லைடு காட்சி தயாரிக்கும் வேலை உங்களில் யாரோ ஒருவரிடம் வந்து சேருகிறது. கணிப்பொறியில் போட்டுப் பார்க்கும்போது காட்சி அழகாகத்தான் இருக்கும். அதையே வகுப்பறைத் தொலைக்காட்சியில் போட்டால், வரிசையின் ஓரத்தில் நின்றவர் பாதி முகத்தோடு நிற்பார். பின் வரிசைக்காரருக்குத் தலையே இருக்காது. கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு எழுத்து ஒன்றும் தெரியாது.

உடனே நாம் தொலைக்காட்சியின் மீது பழி போடுகிறோம். அது சரியல்ல. எதை வெட்டுவது, எதை விடுவது என்ற முடிவை நாம் எடுக்காமல் இயந்திரத்திடம் விட்டுவிட்டோம் என்பதே உண்மையான காரணம். ஸ்லைடு காட்சி செய்பவர் தமது படங்களைத் திரைக்காக அல்ல, பார்ப்பவருக்காக அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் திரையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் அகலமும் உயரமும் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தன. இன்றைய பெட்டிகள் 16க்கு 9. இந்த விகிதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980-களில் அமெரிக்கப் பொறியியலாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் என்பவர், பழைய தொலைக்காட்சியின் 1.33, அகலத்திரைப் படங்களின் 2.35 ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சட்டத்தைத் தேடினார். அவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு பாருங்கள், 1.77 வரும். அதுதான் 16க்கு 9! எந்த வடிவப் படமும் இதற்குள் ஓரளவு அடங்கும் என்பதற்காகவே இது தேர்ந்தெடுக்கப்பட்டது. படங்களையெல்லாம் வெட்டி இதே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக அல்ல.

ஆனால் நம் கையில் இருக்கும் படங்களோ பலவகை. கைப்பேசிப் படம் பெரும்பாலும் 4க்கு 3. நல்ல கேமராவில் எடுத்தது 3க்கு 2. பல லேப்டாப்களின் திரை 16க்கு 10. இந்த நிலையில் ‘திரையை நிரப்பு’ என்ற பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? கணக்குப் போடுவோம்.

4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள ஒரு கைப்பேசிப் படம், 16க்கு 9 திரையை நிரப்ப வேண்டுமானால் அதன் உயரம் 2250 ஆகக் குறைய வேண்டும். படத்தில் கால் பங்கு போய்விட்டது! அதே கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமானால் இழப்பு இன்னும் பெரிது. 3000 புள்ளி அகலத்துக்கு 1687 புள்ளி உயரம்தான் மிஞ்சும். அதாவது படத்தில் 42 விழுக்காடு மட்டும். தலையும் போய், காலும் போய், சட்டைப் பொத்தான்களை மட்டும் ஊர் பார்க்கும்.

வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்து நிரப்பலாமே என்று சிலர் நினைக்கலாம். அது அதைவிட மோசம். 4க்கு 3 படத்தை அப்படி இழுத்தால் ஒவ்வொரு பொருளின் அகலமும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒல்லியானவர் குண்டாகிவிடுவார் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அறிவியல் மாணவருக்கு இது சிரிப்பல்ல. நீங்கள் சேகரித்த இலையின் நீள அகலத்தைக் காட்டவே அந்தப் படத்தை எடுத்தீர்கள். இழுத்த படத்தில் இருப்பது உங்கள் இலையே அல்ல. அளவு தெரியட்டும் என்று இலையின் கீழே ஓர் அளவுகோலை வைத்திருந்தீர்கள். வெட்டிய படத்தில் அந்த அளவுகோலே இல்லை. புகைப்படம் ஒரு சான்று. சான்றைத் திரைக்காகத் திருத்துவது எப்படிச் சரியாகும்?

புகழ்பெற்ற ஒரு படத்தையே பாருங்கள். 1972 டிசம்பர் 7 அன்று, நிலாவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 17 விண்வெளி வீரர்கள் முழுப் பூமியையும் ஒரே படத்தில் பிடித்தார்கள். அது சதுரப் படம். அதைக் கொண்டு அகலத்திரையை நிரப்பினால் பூமியின் மேல்முனையும் அன்டார்க்டிகாவின் வெண்பனியும் வெட்டுப்படும். இழுத்து நிரப்பினாலோ, பூமி படுக்க வைத்த கோழிமுட்டையாகிவிடும். உண்மையில் பூமியின் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிடச் சுமார் 43 கிலோமீட்டர்தான் அதிகம். 12,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விட்டத்தில் இது எம்மாத்திரம்!

“முழுப் படத்தையும் காட்டினால் இருபுறமும் கறுப்புப் பட்டை வருகிறதே, வெறுமையாக இருக்காதா?” என்று கேட்பீர்கள். வெறுமை என்று ஏன் நினைக்க வேண்டும்? அது நமக்குக் கிடைத்த இடம். 1920க்கு 1080 புள்ளி உள்ள திரையில், நிமிர்ந்த படம் முழு உயரத்தில் நின்றால் 810 புள்ளி அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி 1110 புள்ளிகளில் விளக்கம் எழுதலாம். இன்னொரு நிமிர்ந்த படத்தைத் துணைக்கு நிறுத்தலாம். கடலையோ மாலை வானத்தையோ காட்டும்போது திரை நிறைந்திருந்தால் அழகுதான். ஆனால் அங்கே எதை வெட்டுவது என்று நீங்களே பார்த்து வெட்டுங்கள்.

அடுத்தது ஓரம். பழைய படக்குழாய்ப் பெட்டிகளில் மின்னழுத்தம் மாறும்போதும் பெட்டிக்கு வயதாகும்போதும் படத்தின் அளவு சற்றே மாறும். ஓரத்தில் கறுப்பு தெரியாதிருக்க, படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே விழச் செய்தார்கள். தட்டைத் திரைகளுக்கு இது தேவையில்லை. என்றாலும் அந்தப் பழக்கம் பல பெட்டிகளில் இன்னும் தொடர்கிறது. ஓரத்தில் நின்ற நண்பர் காணாமற்போவது இதனால்தான். பெட்டியின் பட அமைப்புப் பட்டியலில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்பது போன்ற ஒரு பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் படமும் தெரியும். ஆயினும் எல்லாப் பெட்டியும் நம் கைக்கு எட்டாது. ஆகவே எழுத்தையும் முகங்களையும் நாற்புறமும் 5 விழுக்காடு உள்ளே தள்ளி வையுங்கள். திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியியலாளர் சங்கம் 2009-இல் வகுத்த தரமும், எழுத்துகள் நடுவில் உள்ள 90 விழுக்காட்டு அகல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

இனி எழுத்தின் அளவு. “தொலைக்காட்சி பெரிய திரைதானே, எழுத்தும் பெரிதாகத் தெரியும்” என்பது பலரது எண்ணம். அது சரியா? 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரம் சுமார் 19 செ.மீ. அதை 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கிறோம். 43 அங்குலத் தொலைக்காட்சியின் உயரம் சுமார் 54 செ.மீ. வீட்டில் அதை 3 மீட்டர் தள்ளியிருந்து பார்க்கிறோம். உயரத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். முதலாவது 0.32; இரண்டாவது 0.18. கண்ணுக்குத் தொலைக்காட்சிதான் சிறிய திரை! வகுப்பறையில் 6 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி பெஞ்சுக்கு அது 0.09. லேப்டாப்பில் நீங்கள் கண்டதில் ஏறக்குறைய கால்பங்கு.

நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டர் தூரத்தில் படிக்க, எழுத்து சுமார் 9 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். கண் மருத்துவரின் எழுத்து அட்டை இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. அதுவும் கண்ணைச் சுருக்கிப் படிக்கும் அளவு. நம் தமிழில் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழி, மெய்யெழுத்துக்கு அடையாளம் ஒரே ஒரு புள்ளி. அவை தெளிவாகத் தெரிய மூன்று மடங்காவது வேண்டாமா? எனவே திரையின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் எழுத்து இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள்.

காட்சிக்கு முன்னால் ஒரு சோதனைப் படம் போட்டுப் பார்ப்பது நல்லது. முன்பு தொலைக்காட்சி நிலையங்களும் இதைச் செய்ததுண்டு. நடுவில் ஒரு வட்டம் வரையுங்கள். 5 விழுக்காடு உள்ளே தள்ளி ஒரு கட்டம் போடுங்கள். முழுக் கறுப்பின் அருகே சற்றே வெளுத்த கறுப்பையும் பூசுங்கள். வட்டம் வட்டமாகவே இருந்தால் படம் இழுபடவில்லை. கட்டம் முழுதும் தெரிந்தால் எழுத்து தப்பியது. இரண்டு கறுப்பும் ஒன்றாகத் தெரிந்தால், கணிப்பொறியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு ஒளி அளவுகளில் பேசுகின்றன என்று பொருள். கணிப்பொறி கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் குறிக்கிறது. தொலைக்காட்சி முறையில் அவை 16, 235. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வசதி அமைப்புப் பட்டியலில் உண்டு.

பென் டிரைவில் எடுத்துச் செல்வதானால் படங்களுக்கு 001, 002 என்று எண்ணிட்டுப் பெயர் வையுங்கள், வரிசை குலையாது. விளக்க எழுத்துகளைப் படத்தோடு சேர்த்தே பதிந்துவிடுங்கள். மற்றொரு பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. வெட்டாத மூலப் படங்களைத் தனியே பத்திரப்படுத்துங்கள். திரையின் வடிவம் ஒருமுறை மாறியது, இன்னும் மாறலாம்.

இவ்வளவும் அரைமணி நேர வேலை. அந்த அரைமணியைச் செலவிட்டால் ஓரத்தில் நின்ற தோழிக்கும் படத்தில் இடம் கிடைக்கும். கடைசி பெஞ்சு மாணவனும் முதல் பெஞ்சுக்காரனைப் போலவே படித்துப் புரிந்துகொள்வான். அடுத்த காட்சியைத் தயாரித்ததும், எழுந்து போய் அறையின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் பாருங்கள். அங்கிருந்து தெரிந்தால்தான் அது காட்சி.